ஓர்மாச்சுக்கு ஒரு காரணம்

ஓர்மாச் ஊர்க்காரர்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இருபது வருடத்துக்கு இலவச மின்சாரம். வாங்கிக்கொள்ள வேண்டியது பதினோராயிரம் பேர் வாழும் ஒரு மலையூர். குளிர்காலத்தில் பாதி நாள் இருட்டு, மீதி நாள் மூடுபனி. அப்படிப்பட்ட ஊர், வேண்டாம் என்று கூட்டம் போட்டு, கை தூக்கி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. கூடவே ஒரு கேள்வி. அதற்குப் பதில் வந்தால் யோசித்துப் பார்ப்பார்களாம்.

'எங்களை எதற்காகக் கொல்ல நினைத்தீர்கள்?'

தேரிமேடு கலப்பு நிலையத்தின் அளவைப் பிரிவுத் தலைவி மங்கையர்க்கரசி, அந்தக் கடிதத்தின் நகலை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

ஒப்பந்தம் எளிமையானது. இரண்டு நாடுகளும் ஆளுக்கு நாற்பத்தொரு அணுகுண்டுகளைப் பிரித்துப் போட வேண்டும். உள்ளே இருக்கும் யுரேனியத்தைக் கரைத்து, சாதா யுரேனியத்தோடு கலந்து, அணு உலைக்கு எரிபொருளாக்க வேண்டும். பார்வையாளர்கள் வந்தால் மங்கையர்க்கரசி சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "இது கெட்டித் தயிர். ஒரு பங்கு தயிருக்கு இருபத்து மூணு பங்கு தண்ணி ஊத்தி நீர்மோர் ஆக்குதோம். அம்புட்டுதான். நீர்மோரை நினைச்ச மாத்திரத்துல திரும்பத் தயிராக்கிற முடியாதுல்லா."

பேச்சுவார்த்தை மேசையில் எவரோ ஓர் உணர்ச்சிவசப்பட்ட ஆசாமி நுழைத்த விதிதான் சிக்கல். எந்த ஊருக்குக் குறிவைத்த குண்டோ, அந்த ஊருக்கே அதன் மின்சாரம் போக வேண்டும். அதற்கு முகவரி விதி என்று பெயர். கேட்கும்போது எல்லோருக்கும் கண் கலங்கியது. ஆனால் விதியை நிறைவேற்ற வேண்டுமென்றால், எந்தக் குண்டு எந்த ஊருக்கு என்று முத்திரையிட்ட உறைகளைப் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

நாற்பது உறைகளைப் பிரித்தபோது பிரச்சினை வரவில்லை. துறைமுகம், விமானத்தளம், உருக்காலை, ராணுவ முகாம். கேட்ட ஊர்க்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள், திட்டினார்கள், பிறகு மின்சாரத்தை வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்தோராவது உறை ஓர்மாச். குறிவைத்த இடத்தை வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால், ஊசி நேராக ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரையில் நின்றது.

மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு வெடிமருந்துக் கிடங்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் இது சின்னக் குண்டு. நடுவே மலை. பள்ளிக்கூடத்தில் விழுந்தால் கிடங்கின் ஓடுகூட நகராது. குண்டு போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? அப்படியென்றால் குழந்தைகளைத்தான் குறிவைத்தார்கள். ஓர்மாச் அப்படித்தான் கணக்குப் போட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

*

ஒப்பந்தப் பிரிவின் இணைச் செயலாளர் இளங்கீரன் மதிய விமானத்தில் வந்து இறங்கினார். சென்னைக்காரர். கெட்ட செய்தியைக்கூட ஏலக்காய் போட்ட டீயோடு சேர்த்துத்தான் தருவார். பதினைந்து நாளில் ஊர் சம்மதிக்காவிட்டால் இந்தக் குண்டு கலப்புக்குப் போகாது, நம் ஆயுதக் கிடங்குக்கே திரும்பும் என்றார். ஊர் சம்மதிக்கும்வரை அந்த நாடும் தன் கடைசிக் குண்டைத் தொடாது. அது நம் பக்கத்தில் எந்த ஊருக்கு என்ற உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

பள்ளிக்கூடத்துக்கு அடியில் ராணுவத்தின் ரகசியக் கட்டளை அறை ஒன்று இருந்ததாக முப்பத்தொரு வருடத்துக்கு முன் நம்பகமான தகவல் கிடைத்தது என்றும், அதனால்தான் அந்த இடம் தேர்வானது என்றும், குழந்தைகள் அங்கே இருந்தது ஆழ்ந்த வருத்தத்துக்குரியது என்றும் அதில் எழுதியிருந்தது.

"நெசமாவே இருந்துச்சா சார்?"

"இருந்திருக்கலாம் மேடம். இல்லைன்னு யாரு நிரூபிக்கப் போறா? அவங்க கவர்மென்ட் இல்லைன்னு சொல்லும். சொல்லட்டுமே. எந்த ஊர்லயும் ராணுவம் அப்படித்தானே சொல்லும்னு அவங்க ஜனமே சொல்லிடும்." தான் எழுதிய வாக்கியங்களை அவர் ஒருமுறை ஆசையாகப் பார்த்துக்கொண்டார். "பழைய இலக்குப் பிரிவுல மொத்தம் அஞ்சு பேர். நாலு பேர் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்சம் நீங்கதான். நீங்க கையெழுத்துப் போட்டா அதுதான் சரித்திரம்."

பிறகு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பதுபோலக் கேட்டார். "உங்களுக்கு வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் மங்கையர்க்கரசி.

அந்த ஒரு சொல்லுக்கே காது மடல் சுட்டது.

*

நான்கு நாளாக அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டுதான் இருந்தது. உறையைப் பிரித்து, பதினேழு என்ற எண்ணைப் பார்த்த நொடியிலிருந்து.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. நிலவறையில் இலக்குப் பிரிவு. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் கணிப்பொறியின் நெற்றியில் வருடம் முழுக்க இருக்கும். இயக்குநர் பரமார்த்தலிங்கம் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கார் எண் கூட்டினால் ஒன்பது வரும். மகள் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தவர். எந்தத் தாளில் எண்களைக் கூட்டி எட்டு வந்தாலும் அதில் கையெழுத்துப் போட மாட்டார். எட்டு சனி. ஃபைல் திரும்பி வந்துவிடும் என்பார். அதை யாரும் வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக் கதவிலக்கத்துக்கும் திருமணத் தேதிக்கும் பார்ப்பதை ஆபீசிலும் பார்க்கிறார், அவ்வளவுதான். எட்டு வந்தால் பக்க எண்ணையோ கோப்பு எண்ணையோ மாற்றிச் சரிக்கட்டுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசித் தாள். ஓர்மாச் வெடிமருந்துக் கிடங்கு. பக்க எண் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது. எண்களையெல்லாம் கூட்டினால் முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. இயக்குநர் பேனாவை மூடினார். திங்கட்கிழமை பார்ப்போம்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் அவளுக்கு நிச்சயதார்த்தம். ஐந்தரைக்கு பஸ். வேலை முடிந்தால்தான் விடுப்பு.

தன் இருக்கைக்குப் போனாள். இலக்கின் அட்சரேகையில் பதினாறு என்று இருந்ததைப் பதினேழு ஆக்கினாள். வரைபடத்தில் ஒரே ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு. தரையில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. திங்கட்கிழமை வந்து பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். இயக்குநர் விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். முப்பத்தாறு, ஒன்பது. முகம் மலர்ந்து கையெழுத்திட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள், நல்ல முகூர்த்தம் கிட்டத்திலேயே இருக்கிறதென்று திருமணத்தையும் சேர்த்து முடித்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது அவளை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

மறந்துவிட்டாள்.

இரண்டு பிள்ளைகள் பெற்றாள், வீடு கட்டினாள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட ஆரம்பித்தாள். அத்தனை வருடமும் ஒரு குண்டு மலைக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது.

*

ஸெரினா வால்க் மறுதரப்பின் ஆய்வாளர். நாற்பத்தொரு வயது. பதினான்கு மாதமாக மங்கையர்க்கரசியோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறாள். கேன்டீனில் தயிர்ச் சாதத்துக்கு மாவடு கேட்டு வாங்கும் அளவுக்குத் தேரிமேட்டில் ஊறியவள். இருவரும் காதில் மாட்டிய மொழிக்கருவி வழியாகப் பேசுவார்கள். ஸெரினா என்ன சொன்னாலும் அது மங்கையர்க்கரசியின் காதில் செய்தி வாசிப்பவரின் தமிழில் விழும்.

அவள் ஓர்மாச்சில் பிறந்தவள். அந்தப் பள்ளியில் படித்தவள். முப்பத்தொரு வருடத்துக்கு முன் பத்து வயது, நான்காம் வகுப்பு. அவள் அம்மா அதே பள்ளியில் ஆசிரியை. உறையைப் பிரித்த அன்று ஸெரினா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு மாவடு கேட்கவில்லை.

இளங்கீரன் வந்துபோன மறுநாள் மூன்று மணிக்கு, கேன்டீன் காலியாக இருந்தபோது, மங்கையர்க்கரசி அவள் எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இயக்குநர்மேல் பழி போடவில்லை. போட்டிருக்கலாம். செத்தவர் மறுக்கப் போவதில்லை. "அவரு மாத்தச் சொல்லலம்மா. நான்தான் மாத்துனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு," என்றாள்.

எட்டு என்ற இடத்தில் கருவி தடுமாறியது. எட்டுக்கு என்ன என்று ஸெரினா கேட்டாள். மங்கையர்க்கரசி சனி கிரகம், ஆகாத எண் என்று விளக்கினாள். விளக்க விளக்க, தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானி என்று சம்பளம் வாங்கிய வாய்.

ஸெரினா டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அன்று உங்களுக்குப் பேருந்து கிடைத்ததா?"

"கெடைச்சுது."

"உட்கார இடம்?"

"ஜன்னலோரம்," என்றாள் மங்கையர்க்கரசி. அதற்கு மேல் தலையை நிமிர்த்த முடியவில்லை.

இதை ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன், அவர்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்றாள். ஸெரினா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"உங்களுடைய அதிகாரியின் தாளில் கையொப்பமிடுங்கள். என் தாய் வாழ்நாள் முழுவதும் அந்தக் கூரையின் கீழ் பாடம் நடத்தினார். எதிரி தன் பள்ளியைக் கண்டு அஞ்சினான் என்றால் அவரால் உறங்க முடியும். ஒரு பெண்ணுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றால் உறங்க முடியாது." கருவி எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனது. "இதைச் சொல்லிவிட்டால் உங்கள் நெஞ்சு இலேசாகிவிடும். அந்தப் பாரத்தைப் பதினோராயிரம் பேர் தலையில் இறக்கி வைக்கவா கேட்கிறீர்கள்? மேலும், அந்தக் குண்டு கரைய வேண்டும். முதலில் அது கரையட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே மங்கையர்க்கரசி இளங்கீரனின் தாளை எடுத்தாள்.

கையெழுத்துப் போட்டாள். கேமரா முன்னால் அந்தத் தாளை அவளே வாசித்தாள். ஓர்மாச்சின் ஊர்க்கூடத்தில் அதைப் பெரிய திரையில் பார்த்தார்கள். ரகசியக் கட்டளை அறை என்றதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோபத்தைவிட அதில் பெருமைதான் தூக்கலாக இருந்தது. நம் ஊரில் அப்படி ஒன்று இருந்ததா? அரை மணி நேரத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

நாற்பத்தோராவது குண்டின் வயிற்றில் இருந்தது ஒரு தேங்காய் அளவு உலோகம். பத்து நாளில் அது அமிலத்தில் கரைந்து மஞ்சள் நீராகி, இருபத்து மூன்று பங்கோடு கலந்து ஒன்றுமில்லாமல் போனது. அளவுமானியில் எண் இறங்கி இறங்கி நின்றபோது கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். மங்கையர்க்கரசியும் தட்டினாள். அந்தப் பொய் வேலை செய்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

*

ஏழு மாதம் கழித்து ஸெரினாவின் அழைப்பு வந்தது. மங்கையர்க்கரசி அப்போது ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டாள்.

ஊரில் தோண்டுகிறார்கள் என்றாள் ஸெரினா.

முதலில் பள்ளி மைதானத்தில் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக ஆரம்பித்தார்களாம். முப்பதடி போனார்கள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழத்தில் இருக்கும் என்றார்கள். இரண்டாவது குழி வெட்டியபோது பள்ளிச் சுவர் ஒன்று விரிசல் விட்டது. பிள்ளைகளைத் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். இருந்தும் வாசல் அகப்படவில்லை. வாசல் இல்லையென்றால், அது எங்கே என்று தெரிந்தவன் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? அப்போதுதான் தோமிரின் ஞாபகம் வந்திருக்கிறது.

தோமிர் பள்ளியின் காவலாளி. எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தின் எல்லாச் சாவிகளும் அவரிடம்தான். நம் பிள்ளைகளின் காலடியில் ராணுவத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, தினம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். ஒருநாள் குழிக்குள் இறக்கி, வாசலைக் காட்டு என்று அடித்து, மாலை வரை நிறுத்தினார்கள். இப்போது கடையில் அவருக்கு ரொட்டி விற்பதில்லை.

"இல்லாத அறைக்கு அந்த மனுசன் எப்படிம்மா வாசல் காட்டுவாரு?"

"காட்ட முடியாது," என்றது கருவி. "நான் உங்களைத் தடுத்தது தவறு. நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். எதிரியின் சோற்றைத் தின்றவள் என்கிறார்கள்."

ஓர்மாச்சுக்கே போய் உண்மையைச் சொல்லப் போவதாக மங்கையர்க்கரசி இளங்கீரனுக்குத் தகவல் சொன்னாள். ரகசியக் காப்புச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது, திரும்பி வந்தால் வழக்கு நிச்சயம் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்தக் கட்டளை அறை என்னோட ஐடியா. அதையும் சேர்த்துச் சொல்லிடாதீங்க," என்றார். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். தன் பங்கே போதுமான அளவு இருந்தது.

கணவர் நல்லசிவத்திடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள். "நம்ம நிச்சயதார்த்தத்துக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பரணிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார்.

*

ஓர்மாச்சின் பள்ளி மைதானத்தில் மைதானம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மூன்று குழிகள், மண்மேடுகள், முட்டுக்கொடுத்த ஒரு சுவர். ஐந்நூறு பேராவது கூடியிருந்தார்கள். எல்லோர் காதிலும் மொழிக்கருவி. காலை பத்து மணி வெயிலிலும் வாயிலிருந்து புகை வந்தது.

மங்கையர்க்கரசி மண்மேட்டின்மேல் நின்று பேசினாள். எதையும் விடவில்லை. எட்டைச் சொன்னாள், ஐந்தரை பஸ்ஸைச் சொன்னாள், ஜன்னல் இருக்கையையும் சொன்னாள். பொய்யை எழுதியது யார் என்று சொல்லவில்லை. வாசித்தது நான், கையெழுத்து என்னுடையது என்றாள்.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு அடியில ஒண்ணுமே கெடையாது. என்னைக்குமே இருந்ததில்ல. தோமிர் ஐயாவுக்கு எதுவும் தெரியாது, ஏன்னா தெரியறதுக்கு எதுவுமே இல்ல. குத்தம் முழுக்க என்னோடது."

யாராவது கல்லெறிவார்கள் என்று ஒருவிதமாக எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். எறியவில்லை. கூட்டத்தில் ஒருவர் ஒரே ஒரு முறை சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் நின்ற ஸெரினாவின் அம்மா காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் மகளுக்கும் மங்கையர்க்கரசிக்கும் சேர்த்து ஒரே கேள்வி இருந்தது: இதற்காகவா? பிறகு விரிசல் விட்ட சுவர்ப்பக்கமாக நடந்து போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கலைந்தார்கள். மின்சாரத்தைத் துண்டிப்போம் என்று ஒருவர் சொன்னார். குளிருமே என்றார் இன்னொருவர். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தோமிரை அடித்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். ஒருவர் மட்டும் தன் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட ஆரம்பித்தார்.

மங்கையர்க்கரசி மேட்டிலிருந்து இறங்கினாள். எதிரே தோமிர் நின்றார். நெட்டை மனிதர், ஒரு கண்ணோரம் இன்னும் நீலம் பாரித்திருந்தது. இவராவது அறைவார் என்று நினைத்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவர் அவளது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றி," என்றது கருவி. "இத்தனை தொலைவு வந்து என் மானத்தைக் காப்பாற்றினீர்கள்."

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு இந்தக் கதி வந்ததே என்னாலதான்."

அவர் காதில் விழுந்ததா, விழுந்தும் அவருக்கு அது பெரிதாகப் படவில்லையா தெரியவில்லை. கையை விடவில்லை. வீடு பக்கத்தில்தான், சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். மங்கையர்க்கரசி ஸெரினாவைப் பார்த்தாள். ஸெரினா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வர மாட்டேன் என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் இந்த ஊரில் அந்த மனிதருக்கு அவள் செய்வதற்கு மிச்சமிருந்த கெடுதல் அது ஒன்றுதான்.

நடந்தார்கள். சிறிய வீடு, ஒரே அறை. உடைந்த ஜன்னலில் பலகை அடித்திருந்ததால் பகலிலும் விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் அவர் மனைவி மேசையைத் துடைத்தாள். ரொட்டி அவளே சுட்டது. சூப் கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிக்கென்று ஒரு நல்ல தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, சேலை கட்டிய இந்த அந்நியப் பெண் யார் என்று கணவரைப் பார்த்தாள்.

"எல்லோரும் நம்மைப் பொய்யர் என்றார்களே," என்றார் தோமிர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "உண்மையைச் சொன்னவர் இவர்தான்."

அந்தக் கிழவி ஓடி வந்து மங்கையர்க்கரசியின் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு தட்டு நிறையப் பரிமாறினாள். இருவரும் எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மங்கையர்க்கரசி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.